இடது மணிக்கட்டு மடங்காமல் ஸ்விங் பழக: கோல்ஃப் பயிற்சிக் கையுறை

வலக்கைக்காரர் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கமாக வளைந்து போனால், முதலில் இடது மணிக்கட்டைப் பாருங்கள். மட்டையை உச்சிக்குத் தூக்கும்போது புறங்கை பின்னுக்கு மடிந்தால் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், வலப்பக்கம் திரும்பித் திறந்துகொள்ளும். பயிற்சிக் கையுறையின் புறங்கையில் மணிக்கட்டைத் தாண்டி ஓடும் தகடு அந்த மடிப்பைத் தடுக்கும்.

பணம் போடுமுன் ஒரு சோதனை. 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாதாரண கையுறையின் பட்டைக்குள் செருகுங்கள். பாதி புறங்கையில், பாதி முன்கையில் இருக்கட்டும். மெதுவாக மட்டையைத் தூக்குங்கள். ஸ்கேல் புறங்கையில் குத்தினால் மணிக்கட்டு மடிகிறது. குத்தவே இல்லையென்றால் உங்கள் குறை வேறெங்கோ இருக்கிறது, இந்தக் கையுறை வேண்டாம்.

வலக்கைக்காரருக்கு இடது கைக்கானதுதான் வேண்டும். கட்டைவிரலை விட்டு, விரல் முட்டிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளந்து வாங்குங்கள். போட்டபின் மட்டையைப் பிடித்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டை மேலே உயர்த்திப் பாருங்கள். இந்த அசைவு தாராளமாக வர வேண்டும். பந்து தூரம் போவதற்கு அது அவசியம். அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் கையுறையைத் தொடாதீர்கள். தகட்டின் நுனி முட்டியை இடித்தால் அளவு தவறு. விரல் மரத்துப்போனால் பட்டை இறுக்கம்.

ஓசூர் பக்கம் மைதானத்துக்கு வாரம் ஒருமுறைதான் போக முடியும் என்றால், மற்ற நாட்களில் வீட்டு மாடியில் பந்தில்லாமலே பழகலாம். இடுப்பு உயரம் வரை மட்டும் தூக்கி 10 முறை, பிறகு தோள் உயரம் வரை 10 முறை. ஒவ்வொரு முறையும் உச்சியில் இரண்டு நொடி நிறுத்திப் புறங்கையைப் பாருங்கள். மைதானத்தில் பிட்சிங் வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கு அடிக்கும் மட்டை) அரை ஸ்விங்கில் தொடங்கி, கையுறையோடு 5 பந்து, கழற்றிவிட்டு 5 பந்து என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கழற்றி அடிக்கும் ஐந்தில்தான் பாடம் ஏறியதா என்று தெரியும். தொடர்ந்து போட்டே அடித்தால் வேலையைத் தகடு பார்க்கும், கை கற்காது.

பந்து இப்போது தாழ்வாக இடப்பக்கம் வளைகிறதா? மணிக்கட்டை எதிர்ப்பக்கம் அளவுக்கு மீறி மடிக்கிறீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் தோல் சீக்கிரம் தேய்ந்தால், பெரும்பாலும் மட்டை விரல்களில் அமராமல் உள்ளங்கையில் உருள்கிறது. கிரிப்பைச் சரிசெய்யாமல் எந்தக் கையுறையும் உதவாது.

போட்டி நாளில் இதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மணிக்கட்டைக் கட்டுப்படுத்தும் கையுறையோடு அடிப்பது விதிமீறல். மொத்த அடிகளை எண்ணி வெற்றியை முடிவுசெய்யும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில், முதல் முறை அபராதமாக எண்ணிக்கையில் 2 அடிகள் கூடும், மீண்டும் செய்தால் தகுதிநீக்கம்.

தர்மபுரி வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே கையுறை வியர்வையில் ஊறிவிடும். தோல் கையுறையை விரல்களை நீட்டி நிழலில் உலர்த்துங்கள். காருக்குள் போட்டுவிட்டால் தோல் விறைத்து வெடிக்கும்.