எஸ்.பி.எம். (மலேசிய ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து வெல்டிங் படிக்கப் போகிறவர்களுக்கு

எஸ்டேட் டவுனில் வெல்டர் என்றால் பலருக்கு இரும்புக் கேட் செய்பவர்தான். அந்த வேலைக்கு எட்டு மாதம் பட்டறையில் நின்றாலே போதும், கல்லூரி தேவையில்லை. செம்பனை மில்லின் பாய்லர், நீராவிக் குழாய், பாசிர் கூடாங் கப்பல் கட்டுமிடம், பெங்கெராங், கெர்த்தே பெட்ரோலிய ஆலைகள்: இங்கெல்லாம் எந்த பொசிஷனில், அதாவது பிளேட்டோ பைப்போ எந்த நிலையில் இருக்க ஒட்டி, டெஸ்ட் பாஸ் செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். படிக்கும் இடத்தையும் அந்தக் கணக்கில் தேர்ந்தெடுங்கள்.

கோலெஜ் கொமுனிட்டியோ (சமூகக் கல்லூரி) ஐ.எல்.பி.யோ (அரசுத் தொழிற்பயிற்சி நிலையம்), பதிவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) கிடைக்குமா, எத்தனையாவது லெவல் வரை? ஒட்டிப் பழகும் ஒரு பூத்துக்கு (தடுப்பறைக்கு) எத்தனை மாணவர்? பிளேட்டோடு நின்றுவிடுமா, பைப்பும் டிக்கும் (டங்ஸ்டன் முனையால், வாயுவின் பாதுகாப்பில் ஒட்டும் முறை) உண்டா? இரண்டு பேருக்கு ஒரு பூத் என்றால் கை பழகும் நேரம் பாதியாகிவிடும். எஸ்.பி.எம்.மில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு பலர் தடுக்கி விழும் இடம் 3ஜி, அதாவது நின்ற பிளேட்டில் கீழிருந்து மேலே ஒட்டுவது. தோற்பவர்களில் பலர் ராட் பற்றவைக்கும் முன்பே தோற்றிருப்பார்கள். 10 மி.மீ. பிளேட் இரண்டின் விளிம்பையும் 30 டிகிரிக்குச் சரித்து, அடியில் மூக்கை (சரிக்காத தட்டை விளிம்பை) 1.5 மி.மீ. விட்டுத் தேயுங்கள். இடைவெளிக்கு அளவுகோல் தேட வேண்டாம். 3.2 மி.மீ. ராடின் மேல் பூசிய மருந்தைத் தட்டி உதிர்த்து, கம்பியை மடித்து நடுவில் வையுங்கள், சரியாக இருக்கும். ஆனால் மேல் முனையில் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். ஒட்டிக்கொண்டே ஏறும்போது பிளேட் சுருங்கி இடைவெளி மூடும், மேலே போனதும் ரூட் (அடி விளிம்பு) உருகாமல் நின்றுவிடும். பிளேட்டுகளைப் பிடித்து நிறுத்த முனைகளில் போட்ட டேக் இரண்டையும் கிரைண்டரில் மெலிதாகச் சீவிவிடுங்கள்.

இ7018 ராட் (ஹைட்ரஜன் குறைந்த மருந்து பூசியது) என்றால் பாசிட்டிவ் முனையில் மாட்ட வேண்டும். ரூட்டுக்கு, அதாவது அடியில் போடும் முதல் அடுக்குக்கு, 2.6 மி.மீ. ராட், 70 முதல் 85 ஆம்பியர். மேலே நிரப்ப 3.2, 105 முதல் 120. விளிம்பில் பள்ளம் விழுந்தால் உடனே கரண்டைக் குறைக்காதீர்கள். பெரும்பாலும் ஆர்க் (ராட் முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவில் எரியும் மின்பொறி) நீண்டிருக்கும், அல்லது ராடை வீசும்போது இரு ஓரத்திலும் ஒரு நொடி நிற்காமல் நடுவிலேயே நிற்பீர்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு கசடைத் தட்டி பிரஷ் போடாவிட்டால் அது உள்ளேயே புதைந்துவிடும். பெண்ட் டெஸ்டில் ஒட்டிய துண்டை வளைத்ததும் அந்த இடம்தான் வாயைத் திறக்கும். 3 மி.மீ.க்கு மேல் திறந்தால் ஃபெயில்.

நம்ம ஊர் ஈரக் காற்றில் பெட்டியைத் திறந்து போட்ட இ7018 ஒரே நாளில் ஈரம் குடித்துவிடும். வெல்டில் ஊசித் துளைகள் வரும். அதைவிட மோசம், உள்ளே போன ஹைட்ரஜனால் மறுநாள் வெடிப்பு விடுவது. அடுப்பில் 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்து, 120 டிகிரியில் வைத்திருந்து வேண்டியதை மட்டும் எடுங்கள். நாக முலாம் பூசிய பைப்பை அப்படியே ஒட்டவே கூடாது. அந்தப் புகை இரவில் குளிர்க்காய்ச்சலைக் கொண்டுவரும். முலாமைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் புகையை வடிகட்டும் முகக்கவசத்தோடு ஒட்டுங்கள்.

3ஜிக்குப் பிறகு கண் 6ஜியில் இருக்கட்டும். 45 டிகிரி சாய்த்து, சுழற்றாமல் பைப்பை ஒட்டும் டெஸ்ட் அது. ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி அதில் தேறினால் எல்லா பொசிஷனுக்கும் செல்லும். சம்பளத்தில் வித்தியாசம் தெரிவதும் அங்கேதான். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பச்சை அட்டையும் எடுத்து வையுங்கள். அதே வெல்டிங் முறையில் ஆறு மாதம் ஒட்டாமல் இருந்தால் தகுதி காலாவதியாகும், ஆகவே என்று எங்கே ஒட்டினீர்கள் என்று சூப்பர்வைசர் கையெழுத்தோடு ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

ஏற்கனவே மில் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் அண்ணன்மார் திரும்பக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. பி.பி.டி. என்ற அங்கீகார முறை வழியாக, அனுபவத்தைக் காட்டியே எஸ்.கே.எம். வாங்கலாம். அதற்கும் வேலைப் படங்களும் முதலாளியின் கடிதமும் வேண்டும், இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.