அழித்த கார்டிலிருந்து படங்களை மீட்டேன்

வேலையை விட்டபின் எனக்குச் சோறு போடுவது கல்யாண ஃபோட்டோ ஆர்டர்கள்தான். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஊர் சுற்றிப் படமெடுப்பேன். போன மார்கழியில் தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவர், அதன்மேல் விழுந்த முதல் வெயில். அன்றிரவு ராமேசுவரம் லாட்ஜில், தூக்கக் கலக்கத்தில் அந்தப் படங்கள் இருந்த மெமரி கார்டையே கேமராவில் ஃபார்மேட் செய்து, மொத்தமாக அழித்துவிட்டேன். வயிற்றைக் கலக்கியது.

ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன். கார்டை உடனே கழற்றிவிட்டேன். கேமராவில் ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் அழிவது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான். மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை படங்கள் உள்ளேயே கிடக்கும். கார்டு ரீடரில் செருகி, அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, தனி ஹார்ட் டிஸ்கில் போட்டேன். விடியும்வரை ஓடியது. கோப்புப் பெயர்களெல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. சரி, எடுத்த தேதியை வைத்து அடுக்கிக்கொண்டேன். ஏழெட்டுப் படங்கள் பாதி சாம்பல் நிறம். தேவாலயம் தப்பித்தது.

இப்போதெல்லாம் நிறைந்த கார்டைப் பெட்டியில் கவிழ்த்து வைக்கிறேன். இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகுதான் நிமிர்த்துவது.