ஓட்டை உடைத்த பிறகு

போன வாரம் என் அக்கா மகன் மாங்காய்க்குக் கல் எறிந்து, தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டு ஓட்டை உடைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றான். சரியான ஆளிடம்தான் வந்தான். 1998ல் ஒன்பதாவது முடித்த லீவில், காவேரிப்பட்டணத்துப் பக்கம் தனியாக இருந்த ஓர் ஆயா வீட்டில் நாங்கள் மூன்று பேர் இதே வேலையைச் செய்தோம். (அப்போது அது தர்மபுரி மாவட்டம். 2004ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்த பிறகும் ஆயாவுக்குக் கடைசிவரை தர்மபுரி ஜில்லாதான்.) அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கே போய்விடுங்கள். நாங்கள் இரண்டு நாள் ஒளிந்திருந்தோம். நடுவில் ஒரு கோடை மழை. மூன்றாம் நாள் போனால், கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒழுகிய இடத்தில் ஆயா குண்டான் வைத்திருந்தார். தயார் செய்துகொண்டு போன வசனமெல்லாம் மறந்துவிட்டது. "நாங்கதான் ஆயா உடைச்சோம், மாத்தித் தரோம்" என்றால் போதும். திட்டுவார்கள், நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்லிக் காசு கொடுத்து அனுப்பாதீர்கள். காசை வைத்துக்கொண்டு ஓடு மாற்ற அந்தப் பாட்டி யாரைத் தேடுவார்?

இனி ஓடு. மங்களூர் ஓடு எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி விளிம்புப் பள்ளம் மாறும். பொருந்தாவிட்டால் ஒழுகும். உடைந்த துண்டைக் கையோடு எடுத்துப் போய், பழைய ஓடு விற்பவரிடம் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். ஓட்டின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. தாழ்வாரம் என்றால் ஏணியில் நின்றே மாற்றிவிடலாம். நடுக்கூரை என்றால் ஓடு வேய்கிறவரைக் கூப்பிட்டுவிட்டு, நீங்கள் கீழிருந்து எடுத்துக் கொடுங்கள். மேல்வரிசை ஓட்டை ஒருவர் லேசாகத் தூக்கிப் பிடிக்க, உடைந்ததை உருவ வேண்டும். புது ஓட்டின் அடியில் புடைத்திருக்கும் மூக்கு ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) மாட்டிக்கொண்டதா என்று தொட்டுப் பார்த்த பிறகே மேல் ஓட்டை இறக்குங்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நாங்கள் மூக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. உள்ளே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயாவின் முகத்திலேயே தண்ணீர் விழுந்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

மறுபடி போக ஒரு வேலை வேண்டும். சும்மா வந்தோம் என்றால் "மறுபடி என்னடா உடைச்சீங்க?" என்பார்கள். எங்களுக்கு அந்தச் செந்தூரா மாமரம் இருந்தது. தொரட்டியைக் கையில் கொடுத்து ஆயா சொல்லித் தந்தார்: காம்போடு பறி, கவிழ்த்து வை, பால் வடியட்டும். பால் பட்டால் பழத்தோல் கறுத்துவிடும், நம் தோல் புண்ணாகிவிடும். கல்லடி பட்ட காய் பழுப்பதற்குள் அழுகிவிடும் என்றும் சொன்னார், எங்களைப் பார்த்துக்கொண்டே.

களி போட்டால் சாப்பிடுங்கள். மெல்லாமல் விழுங்குங்கள், இல்லாவிட்டால் அதற்கும் திட்டு உண்டு.

மகன் ஏன் வருவதில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அன்றைக்கு அதற்குமேல் பேச்சில்லை. பெங்களூரில் இருக்கும் மகனைப் பற்றி, இரண்டு வருடம் கழித்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

அக்கா மகன் நேற்று ஓடு மாற்றிவிட்டு வந்தான். அது என்ன மாமரம் என்று கேட்டேன். தெரியாதாம், நாளைக்குப் பாட்டியைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறானாம்.