குவிமாடத்தைப் பார்த்து மதத்தை முடிவு செய்யாதீர்கள்

தூரத்தில் குவிமாடம் தெரிந்தால் உடனே "பள்ளிவாசல்" என்று சொல்லிவிடுகிறோம். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா படத்தைப் பார்க்கிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் குவிமாடம் கிறிஸ்தவத் தேவாலயத்துக்காக எழுந்தது. பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய அந்த ஆலயம் 537இல் திறக்கப்பட்டபோது நபிகள் நாயகம் பிறக்கவே இல்லை. உஸ்மானியத் துருக்கியர் 1453இல் நகரைப் பிடித்த பிறகுதான் அது பள்ளிவாசல் ஆனது, மினாராக்களும் வந்தன. பின்னால் சினான் போன்ற உஸ்மானியக் கட்டடக் கலைஞர்கள் அந்தக் குவிமாடத்திடம் பாடம் படித்தே தங்கள் பெரிய பள்ளிவாசல்களைக் கட்டினார்கள்.

வெளித்தோற்றத்தை விடுங்கள். வழிபடுகிறவரின் கால் எந்தப் பக்கம் நடக்கிறது, முகம் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். கட்டடம் அப்போதுதான் பேசத் தொடங்கும்.

ஹாகியா சோபியாவுக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. பழைய பீடம் இருந்த அரைவட்டச் சுவரின் நடுவில் மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடம்) இல்லை; கொஞ்சம் வலது பக்கமாக விலகி நிற்கும். சரியாக அளக்காமல் வைத்துவிட்டார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. தேவாலயத்தின் திசை ஒன்று, மக்காவின் திசை இன்னொன்று. சுவரை இடிக்காமல் தொழுகையை மட்டும் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த இடம் அந்தச் சின்ன விலகல்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பள்ளிவாசல் என்றால் மேற்கு என்று நினைப்பது. மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் வந்த பழக்கம் அது. இஸ்தான்புல்லில் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, தென்கிழக்கு. தேவாலயப் பீடம் எப்போதும் கிழக்கில்தான் இருக்கும் என்பதும் இதே மாதிரிதான். ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் பீடம் மேற்கில் இருக்கிறது.

ஜெருசலேமில் தங்க நிறத்தில் மின்னும் குவிமாடத்தின் படத்தைப் போட்டு, "அல் அக்ஸா பள்ளிவாசல்" என்று எழுதுவது செய்திகளில்கூட நடக்கிறது. அது கலீஃபா அப்துல் மாலிக் காலத்தில் 691-92 வாக்கில் முடிந்த பாறைக் குவிமாடம். நடுவில் பாறை, அதைச் சுற்றி நடக்க எண்கோண வழி. ஜமாஅத் (கூட்டுத்) தொழுகை நடக்கும் பள்ளிவாசல் அதே வளாகத்தின் தென்கோடியில், சாம்பல் நிறக் குவிமாடத்தோடு இருக்கிறது. முழு வளாகத்தையும் அல் அக்ஸா என்று அழைக்கும் வழக்கமும் இருப்பதால் குழப்பம் கூடிவிடுகிறது.

அப்புறம் மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சி. அங்குள்ள பெரிய பௌத்த ஸ்தூபியின் முன் நின்று "உள்ளே போக வாசல் எங்கே?" என்று தேடுகிறார்கள். உள்ளே அறையே கிடையாது, கெட்டியான மேடு. அசோகர் காலச் செங்கல் மேட்டைப் பிற்காலத்தில் கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார்கள். தோரணம் எனப்படும் கல்வாயிலைக் கடந்ததும் கல்வேலி உங்களை நேராகப் போகவிடாமல் திருப்பிவிடும். ஸ்தூபியை வலக்கைப் பக்கம் வைத்து வலம் வர வேண்டும். நம் ஊர்க் கோயிலில் சுற்றுகிற அதே பிரதட்சிணம்தான். படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது.

தோரணச் சிற்பங்களில் புத்தரின் உருவத்தைத் தேடி ஏமாறுகிறவர்களும் உண்டு. கிழக்குத் தோரணத்தின் நடு உத்தரத்தைப் பாருங்கள். சித்தார்த்தர் அரண்மனையை விட்டுப் போகும் காட்சி. ஒரே குதிரை திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது, முதுகில் யாரும் இல்லை, ஆனால் மேலே குடை பிடித்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் இரண்டு பாதச்சுவடுகள், குடை அங்கே போய்விட்டது. குதிரை குடையில்லாமல் திரும்புகிறது. அவர் இறங்கிவிட்டார் என்று குடையே சொல்லிவிடுகிறது.

கடைசியாக நம் பக்கம். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்ததும் "முன்பு கோயிலாக இருந்திருக்கும்" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தூண்களை நெருங்கிப் பாருங்கள். பூவும் கொடியும் இருக்கும், ஆள் உருவமோ விலங்கோ இருக்காது. கோயில் மண்டபம் கட்டத் தெரிந்த அதே கைத்தொழில், தொழுகைக்காகச் செதுக்கியது.