ஃப்ரீசிவ் விளையாட்டில் நகரம் பெருக்குவதும் போர் தொடுப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை

பாளையங்கோட்டையில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை இரவுகளில் ஒரே வீட்டு மாடியில் கூடி, மடிக்கணினிகளை ஒரே வைஃபையில் இணைத்து ஃப்ரீசிவ் ஆடி வருகிறோம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 1995-இல் எழுதத் தொடங்கிய, நகரங்கள் அமைத்து ஒரு நாகரிகத்தை வளர்த்துப் போரிடும் இந்தத் திறமூலக் கணினி விளையாட்டு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. புதிதாக எங்களுடன் சேர்ந்தவர்கள் படை போதாமல் தோற்றதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கணக்குப் போடாமல் படை கிளப்பித் தோற்றவர்களே அதிகம். ஆகையால் மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டு ஒன்றும் பேனாவும் கணினிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; கீழே வரும் படிகளில் பாதி அந்த நோட்டில்தான் நடக்கும்.

ஆட்டத்தைத் தொடங்கும் முன்

ஒருவர் தம் கணினியில் சர்வரை இயக்க, மற்றவர்கள் அவருடைய ஐபி முகவரியையும் 5556 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து இணைய வேண்டும். விதித்தொகுப்புகளில் ‘கிளாசிக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இக்கட்டுரையில் வரும் எண்கள் அனைத்தும் அதற்கு உரியவை. வேறு தொகுப்பில் விலையும் வலிமையும் மாறும்.

சதுரங்கத்தைப் போல ஒருவர் நகர்த்திய பின் அடுத்தவர் நகர்த்தும் ஆட்டமன்று இது. ஒரு டர்னுக்குள், அதாவது ஒரு சுற்றுக்குள், அனைவரும் ஒரே நேரத்தில் நகர்த்துகிறார்கள். அதனால் ஒரு டர்னின் கடைசி விநாடியில் படையை நகர்த்தி, அடுத்த டர்னின் முதல் விநாடியில் அதே படையை மீண்டும் நகர்த்தி, எதிராளி கண் இமைப்பதற்குள் இரட்டை அடி அடிக்க முடியும். இதைத் தடுக்கவே ‘யூனிட்வெயிட்டைம்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் சில விநாடிகளைக் குறித்துவிட்டால், டர்ன் மாறினாலும் அந்த இடைவெளி கழியும்வரை நகர்ந்த யூனிட் (வரைபடத்தில் நகரும் ஒரு படை அல்லது ஆள்) மீண்டும் நகராது. ‘டைம்அவுட்’ என்பது ஒரு டர்னின் நீளம். இவ்விரண்டையும் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே ஆட்டத்தைத் தொடங்குங்கள். எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை வரைபடத்தில் நடந்தவை அல்ல, இந்த இரண்டு எண்களைப் பற்றியவை.

படி 1: நிலம் பார்த்து முதல் நகரை அமைத்தல்

நல்ல இடம் தேடி ஏழெட்டு டர்ன் அலையாதீர்கள். ஓரிரு டர்னுக்குள் தலைநகரை அமைத்துவிட வேண்டும். ஆற்றங்கரையாக இருந்தால் வணிகம் கூடுதலாகக் கிடைக்கும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை: தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இருபோகம் விளையும் வயல் ஒரு வகை, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் இன்னொரு வகை, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் வேறொரு வகை. விளையாட்டிலும் புல்வெளிக் கட்டம் 2 உணவு தரும், உற்பத்தி தராது. சமவெளிக் கட்டம் 1 உணவும் 1 உற்பத்தியும் தரும். ஒவ்வொரு குடிமகனும் 2 உணவு உண்பதால், சமவெளி மட்டுமே சூழ்ந்த நகரம் வளராது. புல்வெளி மட்டுமே சூழ்ந்த நகரம் வளரும், ஆனால் எதையும் கட்டி முடிக்காது. இரண்டும் கலந்த இடமே குடியேறத் தக்க இடம்.

படி 2: நகரம் பெருக்குதல்

ஒரு நகரம் தன்னைச் சுற்றி 21 கட்டங்கள்வரை பயன்படுத்தலாம் என்பதைப் படித்துவிட்டு, புதியவர்கள் நகரங்களை வெகுதூரம் தள்ளித் தள்ளி அமைக்கிறார்கள். மக்கள்தொகை 3 உள்ள நகரம் நடுக்கட்டத்தையும் இன்னும் 3 கட்டங்களையும் மட்டுமே பயன்படுத்தும். மிச்சமெல்லாம் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் தரிசாகவே கிடக்கும். ஆகவே மூன்று கட்டத்துக்கு ஒரு நகரம் என்று நெருக்கி அமையுங்கள். பரிசோதித்துப் பார்த்து நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் ஒரு வாரியர்ஸ் (தொடக்கக் காலாட்படை), அடுத்து ஒரு செட்டிலர்ஸ் (புது நகரம் அமைக்கும் குடியேறிகள்), மீண்டும் ஒரு செட்டிலர்ஸ். வாரியர்ஸின் விலை 10 உற்பத்தி. செட்டிலர்ஸுக்கு 30 உற்பத்தியுடன் மக்கள்தொகையிலும் 1 குறையும்.

நகரங்கள் பெருகப் பெருக, பேரரசின் அளவைக் காரணமாகக் கொண்டு ஒவ்வொரு நகரிலும் அதிருப்தி கூடும். அப்போது கோயில் கட்டலாம். அல்லது முடியாட்சிக்கு மாறினால் நகருக்குள் நிற்கும் படையினர் ஒவ்வொருவரும் ஓர் அதிருப்தியாளரை அடக்குவர், இப்படி ஒரு நகருக்கு மூவர்வரை. முடியாட்சியை அடைய ஆல்ஃபபெட், கோட் ஆஃப் லாஸ், செரிமோனியல் பரியல் ஆகிய தொழில்நுட்பங்களை முதலில் கற்க வேண்டும். குடியரசில் வணிகம் செழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எல்லைக்கு வெளியே நிற்கும் தாக்குதல் படை ஒவ்வொன்றும் அங்கே தாய்நகரில் அதிருப்தியை உண்டாக்கும். முதல் போரை முடியாட்சியிலேயே நடத்துங்கள்.

எல்லை நகரத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரே குறிப்பு: செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக மலையைக் கடக்கும் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அப்படி ஒரு வாய் தெரிந்தால், நிலம் சுமாராக இருந்தாலும் அதில் ஒரு நகரத்தை வைத்து இரண்டு ஃபாலாங்ஸை (தற்காப்புக் காலாட்படை) நிறுத்திவிடுங்கள்.

படி 3: யாருடன் சமாதானம், யாருடன் போர்

இரண்டு அண்டை நாடுகள் இருந்தால் ஒன்றோடு சமாதானம் செய்துகொண்டு மற்றொன்றைப் பற்றி யோசிக்க வேண்டும். சமாதான ஒப்பந்தத்தை நீங்கள் முறித்தாலும் போர் உடனே தொடங்காது. 16 டர்ன் கழித்தே போர்நிலை வரும், எதிராளிக்கும் அதே டர்னில் செய்தி போய்விடும். எனவே நாளை தாக்கப் போகும் ஆளோடு இன்று சமாதானம் எழுதாதீர்கள். தூதரகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய தொழில்நுட்பங்களும் தங்கக் கையிருப்பும் அதன் வழியே தெரியும். அந்தத் தங்கத்தின் அளவு அடுத்த படியின் கணக்குக்குத் தேவைப்படும்.

படி 4: நோட்டில் போடும் போர்

இந்தப் படியில் அவசரமே கூடாது. எதிரி நகரத்துக்குள் எத்தனை படை இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. ரைட்டிங் என்ற தொழில்நுட்பத்தைக் கற்றதும் ஒரு டிப்ளமேட்டை (தூதர்) உருவாக்கி அனுப்பி நகரத்தைத் துப்பறியுங்கள். அந்த யூனிட் அதோடு செலவழிந்துவிடும் என்றாலும், அதன் விலையான 30 உற்பத்தி வீணன்று.

உள்ளே இரண்டு ஃபாலாங்ஸ், மதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஃபாலாங்ஸின் தற்காப்பு 2. நகருக்குள் அது 1.5 மடங்காகி 3 ஆகிறது. தாக்கப் போகும் காலாட்படையான லீஜனின் தாக்குதல் 4. மோதலின் ஒவ்வொரு அடியிலும் வெல்லும் வாய்ப்பு இந்த இரண்டு எண்களின் விகிதத்தில் அமையும். அதாவது 7-இல் 4. இருவருக்கும் 10 உயிர்ப்புள்ளிகள் என்பதால் சிறிய சாதகமும் அடிமேல் அடியாகப் பெருகி, லீஜன் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை வெல்லும். தாக்குதல் 6 உள்ள கேட்டபல்ட் (கல்லெறியும் பொறி) பத்தில் ஒன்பது முறைக்கும் மேல் வெல்லும். அதே நகரத்தில் மதில் எழுந்துவிட்டால் தற்காப்பு 6 ஆகிவிடும்: கேட்டபல்ட்டுக்குப் பாதிக்குப் பாதி, லீஜனுக்கு ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய மண்கோட்டையைக் கும்பெனிப் படை முதலில் தாக்கித் தோற்றுப் பின்வாங்கி, கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே மே மாதத்தில் பிடிக்க முடிந்தது என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு மறக்காது.

இப்போது செலவுக் கணக்கு. மூன்று கேட்டபல்ட் 120, காவலுக்கு இரண்டு ஃபாலாங்ஸ் 40, வென்றதும் நகருக்குள் நுழைய ஒரு குதிரைப்படை 20, ஆக 180. டர்னுக்கு 5 உற்பத்தி தரும் மூன்று நகரங்கள் இருந்தால் 12 டர்ன் ஆகும். அதே 12 டர்னில், டர்னுக்கு 5 உற்பத்தி உள்ள எதிரியின் அந்த ஒற்றை நகரம் 60 சேர்த்திருக்கும். மதிலின் விலை சரியாக 60. ஆறு நகரங்களோடு தொடங்கினால் உங்களுக்கு 6 டர்ன் போதும், அவரிடம் 30 மட்டுமே சேர்ந்திருக்கும். படி 2-இல் நகரங்களை நெருக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

ஆனால் மீதி 30-ஐ அவர் தங்கத்தால் வாங்கிவிடலாம். குறைவதை இரண்டால் பெருக்கி, குறைவதன் வர்க்கத்தை 20-ஆல் வகுத்துக் கூட்டினால் கட்டடத்தின் விலை வரும்; இங்கே 60-உம் 45-உம் சேர்ந்து 105. தூதரகத்தில் அவருடைய கையிருப்பு 105-ஐத் தாண்டியிருப்பதைக் கண்டால், அந்த நகரத்தை விட்டுவிட்டு வேறு இலக்கைத் தேடுங்கள். உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை: கட்டடத்துக்கென்று சேர்த்த உற்பத்தியைப் படைக்கு மாற்றினால் பாதி போய்விடும், ஒன்றுமே சேராத நிலையில் வாங்கினால் விலை இரட்டிப்பாகும். குறைந்தது ஒரு டர்ன் உற்பத்தி சேர்ந்த பிறகு வாங்குங்கள்.

படி 5: படை நடத்துதல்

ஒரே கட்டத்தில் பல யூனிட்கள் நிற்கும்போது எதிரி தாக்கினால், அவற்றுள் தற்காப்பில் சிறந்த ஒன்று மட்டுமே எதிர்த்துப் போராடும். அது வீழ்ந்தால், நகரமோ கோட்டையோ இல்லாத வெட்டவெளியில், அந்தக் கட்டத்தில் நிற்கும் அனைத்தும் அழியும். என்னுடைய இரண்டாவது ஆட்டத்தில் ஃபாலாங்ஸ் எதுவும் இல்லாமல் ஏழு யூனிட்களை ஒரே சமவெளிக் கட்டத்தில் குவித்து வைத்திருந்தேன். “அண்ணாச்சி, ஒத்தக் குதிரைல ஏழும் போச்சே” என்று எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சொன்னது, இன்றுவரை எங்கள் மாடியில் பழமொழியாகப் புழங்குகிறது.

கேட்டபல்ட் டர்னுக்கு ஒரு கட்டமே நகரும், அதன் தற்காப்பு 1. எனவே உங்கள் எல்லைவரை முன்கூட்டியே சாலை போட்டு வையுங்கள். சாலையில் ஒரு நகர்வுக்கு மூன்று கட்டம் கடக்கலாம். நகரத்துக்கு அடுத்த கட்டத்தில் நிற்கும் அந்த ஒரு டர்ன்தான் ஆபத்தானது. அந்தக் கட்டம் குன்றாக இருக்குமாறு வழியைத் தேர்ந்தெடுத்து, ஃபாலாங்ஸ் இரண்டையும் உடன் நிறுத்துங்கள். மறு டர்னில் தாக்கும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு முழு நகர்வு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகர்வு குறைந்திருந்தால் தாக்கும் வலிமையும் அதே அளவுக்குக் குறையும்.

படி 6: பிடித்த பின்

மக்கள்தொகை 1 உள்ள நகரத்தைப் பிடித்தால் அது அழிந்துவிடும், உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. ஆகவே 2 அல்லது அதற்கு மேல் உள்ளதையே இலக்காகக் கொள்ளுங்கள். நகரத்தோடு எதிரியின் ஒரு தொழில்நுட்பமும் உங்களுக்குக் கிடைக்கக்கூடும். தலைநகரத்தைப் பிடிப்பது மிகப் பெரிய அடி: எதிரி பத்தோ அதற்கு மேலோ நகரங்கள் வைத்திருந்தால், உள்நாட்டுப் போர் மூண்டு அவருடைய நாடே இரண்டாகப் பிளக்கலாம்.

பிடித்த நகரத்துக்குள் காயமுற்ற யூனிட்களை நகர்த்தாமல் வைத்தால் டர்னுக்கு மூன்றில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளி மீளும். முதல் வேலையாக அங்கே மதிலைத் தொடங்குங்கள், ஏனெனில் எதிரி இழந்த நகரத்தை நோக்கியே வருவார். பிறகு போர்நிறுத்தம் கேளுங்கள். போர்நிறுத்தம் 16 டர்ன் மட்டுமே நிற்கும். அதற்குள் சமாதானமாக மாற்றாவிட்டால் தானாகவே போர்நிலை திரும்பிவிடும். கையெழுத்தான டர்ன் எண்ணோடு 14-ஐக் கூட்டி வரும் எண்ணை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். எதிராளியும் தம் நோட்டில் அதே எண்ணைத்தான் வட்டமிட்டிருப்பார்.