சிலோன் பாப் கேட்டு வளர்ந்தவர்களிடம் பேசிப் பதிவு செய்வது எப்படி?

கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழ் பாப் இசை, 1970களில் திருநெல்வேலிச் சீமை இளைஞர்களை எப்படிப் பாதித்தது என்பதை எழுத விரும்புவோர், அந்த இளைஞர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள் என்பதை மனத்தில் கொண்டு உடனே தொடங்க வேண்டும்.

போகுமுன் இசையைக் காது பழகக் கேளுங்கள். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் போன்றோர் தொடங்கிவைத்த தமிழ் பாப், போர்த்துகீசியர் வழி இலங்கையில் வேரூன்றிய ‘பைலா’ என்ற ஆட்ட இசையின் துள்ளலை எடுத்துக்கொண்டது. அதை நம் பக்கத்தில் வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் ‘சிலோன் மனோகர்’ என்று அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன். ஆனால் அந்தத் தாளத்தை ஓர் ஊர்ப்பாட்டில் கேட்டவுடன் அது இலங்கையிலிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதைப் போல மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை நம் நாட்டுப்புறப் பாடல்களிலும் தாராளமாக உண்டு.

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிடமும் முதலில் விசாரியுங்கள். பின்னவர்களில் சிலருக்கு அந்த நினைவு இழப்போடு சேர்ந்தே வரும். அவர்களாகப் பேசாதவரை துருவக் கூடாது.

கேள்வி கேட்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். “அண்ணாச்சி, சிலோன் ரேடியோவுல என்ன கேப்பீய?” என்று பொதுவாகக் கேட்டால் அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனையும் கே. எஸ். ராஜாவையும் பற்றிச் சொல்லிவிட்டு, எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டுகளுக்குப் போய்விடுவார்கள். அதில் பிழையில்லை, அந்த வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் திரைப்பாடல்களுக்குப் பெரிய இடம் இருந்தது. ஆகவே பாப்பைத் தனியே பிரித்துக் கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, சிங்களச் சொற்கள் கலந்த ‘சுராங்கனி’ பாட்டு. இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ 1977இல் வந்தபோது அந்தப் பாட்டு திரையிலும் ஒலித்தது. “படம் வருமுன்னமே கேட்டியளா, எங்கே, யார் பாடி?” என்று கேட்டால், வானொலி வழி வந்த நினைவும் கொட்டகை வழி வந்த நினைவும் பிரிந்து நிற்கும். அதிலுள்ள சிங்களச் சொற்களைப் பேட்டி தருபவர் எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். திருத்திவிட்டால், பொருள் தெரியாமலே வாய்க்கு வசமாக்கிக்கொண்ட அந்தப் பாட்டு வடிவம் அழிந்துபோகும்.

பாடச் சொல்லும்போது கைப்பேசியை மேசைமேல் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்தால், அவர் மேசையில் தட்டும் தாளம் குரலை மூழ்கடிக்காது.

ஊர்ப்பெயரைத் தவறாமல் குறியுங்கள். தூத்துக்குடி 1986இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதால், பெரியவர்கள் “நம்ம ஜில்லா” என்பது இன்றைய எல்லைக்குள் அடங்காது. எழுதி முடித்ததும் சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டு, ஒலிப்பதிவின் பிரதி ஒன்றை அவர் வீட்டாரிடம் கொடுங்கள்.