ஒரே வீட்டில் குடியேறும் முன்: ஓடிஎஸ்பி, பிள்ளைகள் காசு, இரண்டு நாட்காட்டிகள்

ஒன்ராறியோவில் இயலாமை உதவித் திட்டத்தில், அதாவது நம்மவர்கள் ஓடிஎஸ்பி என்றே சொல்லும் திட்டத்தில் இருக்கும் ஒருவர், தமக்குப் பிடித்தவரோடு ஒரே வீட்டில் வாழ முடிவெடுத்தால் முதலில் அறிய வேண்டியது ஒன்றுதான். மாகாண அரசு ஒரு நாட்காட்டியைப் பார்க்கிறது, மத்திய அரசு வேறொரு நாட்காட்டியைப் பார்க்கிறது. மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்பவர்களைத் துணைவர்களாகக் கொள்வதா என்ற கேள்வியை ஓடிஎஸ்பி மூன்று மாதம் கழிந்ததும் எழுப்பும். பிள்ளைகள் காசை, அதாவது பிள்ளைகளுக்காக மத்திய அரசு தரும் கொடுப்பனவை, வழங்கும் வரித் திணைக்களமான சிஆர்ஏ பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்த பிறகே அவர்களைத் துணைவர்கள் என்று கொள்ளும். ஆகவே இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் ஓர் அலுவலகத்தின் கோப்பில் நீங்கள் இணையராகவும் இன்னோர் அலுவலகத்தின் கோப்பில் தனியாளாகவும் இருக்கலாம். அது பொய்யும் அல்ல, குற்றமும் அல்ல. ஒரு பக்கம் சொன்னது மறுபக்கமும் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடுவதுதான் பின்னால் கடனாக வந்து நிற்கிறது.

விளக்கத்துக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் ஸ்காபுறோவில் ஒரு பேஸ்மென்டில் மூன்று வயதுப் பிள்ளையோடு, ஓடிஎஸ்பியில் வாழ்கிறார். அவருடைய நண்பர் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தமது பெட்டிகளோடு அந்த வீட்டுக்கு வருகிறார். ஓடிஎஸ்பியின் கணக்கில் டிசம்பர் 1 முக்கியமான நாள். சிஆர்ஏயின் கணக்கில் 2026 செப்டம்பர் 1தான் முக்கியமான நாள். அந்த மாற்றத்தை அடுத்த மாத முடிவுக்குள், அதாவது அக்டோபர் 31க்குள், ஆர்சி65 என்ற படிவத்திலோ இணையக் கணக்கிலோ அறிவிக்க வேண்டும். இவ்விரு நாட்களையும் வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பதோடு, குடியேறிய நாளைக் காட்டும் ஏதாவது ஒரு தாளையும் பத்திரப்படுத்துவது நல்லது. பழைய வீட்டின் கடைசி வாடகை ரசீதோ, முகவரி மாற்றிய லைசென்ஸோ போதும்.

ஓடிஎஸ்பி அலுவலகத்துக்கு மூன்று மாதம் முடியும்வரை காத்திராமல், வீட்டில் இன்னொருவர் வசிக்கத் தொடங்கியதை உடனேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்வதாலேயே அவர் உங்கள் துணைவர் ஆகிவிடுவதில்லை. மூன்று மாதம் கழிந்த பிறகும் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருந்தால்தான் அலுவலகம் அப்படி முடிவெடுக்கலாம். உங்கள் உறவின் சமூக, குடும்பப் பக்கம் சேர்ந்து வாழும் இணையருடையதைப் போல இருக்க வேண்டும். பணப் பக்கத்தில் ஒருவர் மற்றவரைத் தாங்குவதோ, இருவர் பணமும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதோ அதே அளவுக்கு இருக்க வேண்டும். படுக்கையறை விஷயங்களை விசாரிக்கவோ கணக்கில் எடுக்கவோ கூடாது என்று ஒழுங்குவிதியே சொல்கிறது. அப்படி யாராவது கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்று மாத விதி வந்த கதையையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1995இல் மாகாண அரசு, உதவிப்பணம் பெறும் ஒரு பெண்ணின் வீட்டில் ஓர் ஆண் குடியேறிய நாளிலிருந்தே அவரைக் கணவராகக் கருதும் விதியைக் கொண்டுவந்தது. அதனால் உதவி இழந்த பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஃபால்கினர் வழக்கு என்று அறியப்படும் அதில், 2002இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி பாகுபாடானது என்று தள்ளியது. 2004இல் இப்போதைய வரைவிலக்கணம் வந்தது. ஆகவே ஒரே முகவரி என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒருவரைத் துணைவர் ஆக்க முடியாது.

கூட வசிப்பவர் உண்மையிலேயே வாடகையைப் பகிரும் அறைத்தோழர்தான் என்றால், அதைக் காட்டும் சான்றுகளை முதல் மாதத்திலிருந்தே சேர்த்துவாருங்கள். அவருடைய பங்கு வாடகை தனியாக இ-ட்ரான்ஸ்ஃபராக வந்திருப்பது, வங்கிக் கணக்குகள் தனித்தனியாக இருப்பது, ஃபோன் பில் அவரவர் பெயரில் இருப்பது போன்றவை பேசும். கூட வசிப்பவரைப் பற்றிய கேள்விப் பத்திரம் ஒன்றைக் கேஸ் வேர்க்கர் தரக்கூடும். சமையல் சேர்ந்தா, கலியாண வீடுகளுக்குச் சேர்ந்தா போகிறீர்கள், ஒருவருக்கு உடம்புக்கு வருத்தம் வந்தால் மற்றவர் பார்க்கிறாரா என்றெல்லாம் அதில் இருக்கும். அவசரத்தில் ஆம், இல்லை என்று கிறுக்கிக் கொடுத்துவிடாமல், ஒவ்வொன்றையும் விளக்கி எழுதி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைத்தோழர்கள் ஒரே சட்டியில் சோறு சமைப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதிகாரிக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

மூன்று மாதக் காத்திருப்பு எல்லோருக்கும் இல்லை. சட்டப்படி மணமுடித்து ஒரே வீட்டில் வாழ்பவர்கள் முதல் நாளிலிருந்தே துணைவர்கள். இருவருக்கும் சேர்ந்து ஒரு பிள்ளை இருந்து, நிலையான உறவில் ஒன்றாக வாழ்பவர்களும் அப்படியே. நீங்கள் இருவரும் "எங்களைத் துணைவர்களாகக் கொள்ளுங்கள்" என்று அலுவலகத்துக்கு அறிவித்தாலும் காத்திருப்பு முடிந்துவிடும். ஆகவே எந்தப் படிவத்திலும் "துணைவர்" என்ற இடத்தில் யோசிக்காமல் பெயரை எழுத வேண்டாம்.

இனிப் பணக் கணக்கு. தனியாளுக்கு 2025 ஜூலை முதல் ஓடிஎஸ்பியின் உச்சத்தொகை மாதம் 1,408 டொலர். துணைவர் சேர்ந்ததும் நீங்கள் இருவரும் பிள்ளையும் ஒரே குடும்ப அலகாகிறீர்கள். அலகின் உச்சத்தொகை கொஞ்சம் கூடும், இரட்டிப்பாகாது. இருவருமே இயலாமையால் ஓடிஎஸ்பியில் இருப்பவர்கள் என்றாலும் இரண்டு தனிக் காசோலைகள் ஒன்றாகி, கூட்டுத்தொகை குறையும். உண்மையான அடி துணைவரின் சம்பளத்தில் விழுகிறது. இயலாமை உள்ளவர் உழைத்தால் கையில் வரும் முதல் 1,000 டொலருக்குக் கழிவு இல்லை, அதற்கு மேல் 75 சதவீதம் கழியும். இயலாமை இல்லாத துணைவருக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் 200 டொலரை விட்டுவிட்டு மிச்சத்தில் பாதியைக் கழிப்பார்கள். மேலே சொன்ன நண்பர் மாதம் 2,600 டொலர் வீட்டுக்குக் கொண்டுவந்தால், 2,400இல் பாதி, அதாவது 1,200 டொலர், அந்தப் பெண்ணின் ஓடிஎஸ்பியிலிருந்து போய்விடும். அந்த நண்பர் முழுநேரம் கல்லூரியில் படித்துக்கொண்டே உழைத்தால் அந்தச் சம்பளத்துக்கு விலக்கு உண்டு. வேலையிழப்புக் காப்புறுதி, சிபிபி என்ற கனடா ஓய்வூதியத் திட்டம் தரும் இயலாமைப் பணம் போன்றவையோ டொலருக்கு டொலர் கழிக்கப்படும்.

சொத்துக் கணக்கும் சேர்ந்துதான் பார்க்கப்படும். தனியாளுக்கு 40,000 டொலர், இணையருக்கு 50,000 டொலர், ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் 500 என்பதே எல்லை. குடியிருக்கும் வீடும் முதன்மை வாகனமும் கணக்கில் வராது, ஆனால் துணைவரின் ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு வரும். பத்து வருடம் தொழிற்சாலையில் நின்று சேர்த்த பணம் ஒரே நாளில் தடையாகிவிடுவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. துணைவர் தமது விவரங்களைத் தர மறுத்தால் உங்கள் உதவியே நிறுத்தப்படலாம். அதோடு, இயலாமை இல்லாத துணைவர் வேலை தேடும் முயற்சிகளில் பங்கேற்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதையெல்லாம் அவர் பெட்டி கட்டும் முன்னரே சொல்லிவிடுவது நியாயம்.

என் பார்வையில் காசோலையைவிட முக்கியம் ஓடிஎஸ்பியோடு வரும் மருந்து அட்டை. துணைவரின் வருமானத்தால் ஓடிஎஸ்பி பூச்சியமாகிப் போனாலும், உங்கள் மருந்து, உபகரணச் செலவுகள் மிக அதிகமாக இருந்தால், நீட்டித்த மருத்துவ உதவி என்ற ஏற்பாட்டின் கீழ் அந்தக் காப்பை மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டு. அது தானாகக் கிடைக்காது. கோப்பு மூடப்படும் முன், மருந்துக் கடையிலிருந்து கடந்த மாதங்களின் செலவுப் பட்டியலை அச்சடித்து வாங்கிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.

சிஆர்ஏ பக்கம் வந்தால், பன்னிரண்டு மாதத்துக்கும் இரண்டு விலக்குகள் உள்ளன. இருவருக்கும் ஒரு பிள்ளை பிறந்தால், சேர்ந்து வாழ்ந்தது நாலு மாதமே ஆனாலும் பிறந்த நாளிலிருந்து நீங்கள் துணைவர்கள். மணமுடித்தவர்களுக்குக் காத்திருப்பே இல்லை. இங்கே நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எழுத்து, அதாவது சட்டப்படியான கலியாணப் பதிவு, முதலில் நடந்து, தாலி கட்டும் கலியாணம் ஹோல் கிடைக்கும் வரை எட்டு மாதம் தள்ளிப்போவது வழக்கம். வீட்டாருக்கு அவர்கள் இன்னும் பெண்ணும் மாப்பிள்ளையும்தான். சிஆர்ஏக்கோ எழுத்து நடந்த நாளே கலியாண நாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தாலும் அவர் துணைவர்தான். அவருடைய வெளிநாட்டு வருமானத்தை அதற்கான படிவத்தில் காட்டினால்தான் பிள்ளைகள் காசு தொடரும். ஓடிஎஸ்பியிலோ உங்களோடு வசிப்பவர் மட்டுமே குடும்ப அலகில் சேர்வார் என்பதால், அவர் வந்திறங்கும் நாளே கணக்கு. ஓடிஎஸ்பியில் இருப்பதால் துணைவரை ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இயலாமை காரணமாகப் பெறும் உதவிப்பணம் அதற்குத் தடையில்லை.

பிள்ளைகள் காசு, இருவரின் கடந்த வருட நிகர வருமானத்தையும் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உச்சம் 7,997 டொலர், ஆறிலிருந்து பதினேழுவரை 6,748 டொலர். குடும்ப வருமானம் 37,487ஐத் தாண்டினால் ஒரு பிள்ளைக்கு, மேலதிகத் தொகையில் 7 சதவீதம் குறையும். நம் உதாரணப் பெண்ணுக்கு மாதம் 666 டொலர் வந்துகொண்டிருந்தது. குடும்ப வருமானம் 70,000 ஆகக் கணக்கிடப்பட்டால் அது சுமார் 476 ஆகும். மாற்றம் நிகழ்ந்த அடுத்த மாதத்திலிருந்தே புதிய கணக்கு என்பதால், ஒரு வருடம் பிந்தி அறிவித்தால் இரண்டாயிரத்துக்கு மேல் திருப்பிக் கட்ட நேரும். பிள்ளைக்கே இயலாமை இருந்தால் கிடைக்கும் மேலதிகத் தொகை, உச்சம் 3,411 டொலர், இதைவிடக் கூடிய குடும்ப வருமானத்தைத் தாங்கும். 81,222 வரை அது குறையத் தொடங்காது. பிள்ளைகள் காசை ஓடிஎஸ்பி வருமானமாக எடுப்பதில்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

2025 ஜூலையில் தொடங்கிய கனடா இயலாமைக் கொடுப்பனவு மாதம் 200 டொலர்வரை தருகிறது; ஒன்ராறியோ அதையும் ஓடிஎஸ்பியில் கழிப்பதில்லை. தனியாளுக்கு 23,000, இணையருக்கு 32,500 என்பது அதன் வருமான எல்லை. இணையரின் உழைப்பில் 14,000 டொலர் கணக்கிலிருந்து விடப்படும். துணைவரும் வரிக் கோவை தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சிபிபி இயலாமைப் பணமும் இயலாமை வரிச்சலுகைக்கான தகுதியும் துணைவரின் சம்பளத்தால் மாறாது. ஆர்டிஎஸ்பி என்ற இயலாமை உள்ளவர்களுக்கான சேமிப்புக்கு அரசு போடும் பங்கு மட்டும் குடும்ப வருமானம் ஏறினால் குறையலாம்.

ஓடிஎஸ்பி உங்களைத் துணைவர்கள் என்று முடிவெடுத்துக் கடிதம் அனுப்பினால், 30 நாட்களுக்குள் உள்ளக மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதன் முடிவும் பாதகமாக இருந்தால் அடுத்த 30 நாட்களுக்குள் சமூக நலன்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இதற்குப் பணம் வாங்குவதில்லை. 211ஐ அழைத்தால் உங்கள் பகுதிக்குரியதைச் சொல்வார்கள். உறவு முறிந்து பிரிந்தால் ஓடிஎஸ்பிக்கு அன்றே சொல்லுங்கள். சிஆர்ஏக்கு மட்டும் 90 நாட்கள் தொடர்ந்து பிரிந்திருந்த பிறகே அறிவிக்க முடியும். அதுவரை பிள்ளைகள் காசு பழைய அளவிலேயே வரும் என்பதால், அந்த மூன்று மாத வாடகைக்கு வழி பார்த்துவைத்திருக்க வேண்டும்.